தாத்தாவுக்கு ஒரு தரை

“மாமா, நீங்க ரேடியோவுல சொன்ன மாதிரிதானே நான் செஞ்சேன்?”

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சுங்கை பாக்காப்பிலிருந்து அக்காள் மகன் கைப்பேசியில் இப்படிக் கேட்டான். அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பதினோரு வயதுப் பையன் நிதானமாகக் கேட்டதுதான் உறைத்தது.

தாத்தா நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. ஒரு வாரமாக மலம் கழிக்கவில்லை. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறார். இதுதான் செய்தி.

பதற வேண்டாம். தாத்தா என்பது அவன் வளர்க்கும் பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியைச் சேர்ந்த, தாடி வைத்த ஓணான். கழுத்துக்குக் கீழே முள் முள்ளாக ஒரு பை தொங்கும். கோபம் வந்தாலோ பயந்தாலோ அந்தப் பை உப்பிக் கறுத்துவிடும். அப்போது பார்த்தால் கறுப்புத் தாடிக்காரர் ஒருவர் முறைப்பது போலவே இருக்கும். வந்த முதல் நாளே அந்தத் தாடியைக் காட்டியதால் பையன் ‘தாத்தா’ என்று பெயர் வைத்துவிட்டான். “ஓணானுக்கு வைக்கிற பேரா இது?” என்று என் அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம்.

இதில் வானொலிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, காலை நிகழ்ச்சியில் செல்லப்பிராணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நேயர் ஒருவர் அழைத்து, பியர்டட் டிராகன் வளர்க்கும் தொட்டியில் கீழே என்ன போடலாம் என்று கேட்டார். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால், ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ‘தெரியாது’ என்ற சொல் எளிதில் வருவதில்லை. “பாலைவனத்துப் பிராணிதானே, நல்ல மணலா பார்த்துப் போடுங்க!” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். மொத்தம் பத்து வினாடி இருக்கும்.

அந்தப் பத்து வினாடியைப் பள்ளி வேனில் ஒருவன் கேட்டிருக்கிறான். தீபாவளி அங்பாவ் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, பிராணிக் கடைக்குப் போய் வெள்ளை வெளேரென்ற கால்சிய மணல் ஒரு பை வாங்கியிருக்கிறான். ‘விழுங்கினாலும் செரிக்கும்’ என்று பையில் அச்சிட்டிருந்ததாம். மாமாவும் சொல்லிவிட்டார், பையும் சொல்லிவிட்டது. பிறகென்ன?

பாலத்தைக் கடந்து

சனிக்கிழமை விடிந்ததும் ஜார்ஜ்டவுனிலிருந்து கிளம்பினேன். சுங்கை பாக்காப்புக்கு இரண்டாவது பாலம்தான் எனக்கு வசதி. தீவில் பத்து மாவுங்கில் ஏறினால் பெருநிலத்தில் பத்து காவானில் இறங்கலாம். மொத்தம் 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. 2014 மார்ச் மாதம் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அக்கா வீட்டுக்குப் போவதென்றால் பழைய பாலத்தில் பிறைக்குப் போய்த் தெற்கே திரும்ப வேண்டும். இப்போது பாலம் இறங்கிய சிறிது நேரத்தில் செம்பனை மரங்கள் தெரியத் தொடங்கிவிடும்.

சுங்கை பாக்காப் என்றால் பலருக்கு 2024 ஜூலையில் நடந்த இடைத்தேர்தல்தான் நினைவுக்கு வரும். அந்த ஒரு மாதம் நாடே அந்தப் பெயரை உச்சரித்தது. மற்ற நாள்களில் அது தென் செபராங் பிறையில், சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் நடுவே பழைய கூட்டரசுச் சாலையில் இருக்கும் ஒரு சின்னப் பட்டணம். சாலையின் இருபக்கமும் மாடி வைத்த பழைய கடைவீடுகள், ஓர் அரசாங்க மருத்துவமனை, காலைச் சந்தை, கொஞ்சம் தள்ளினால் வால்டோர். இவ்வளவுதான்.

ஆனால், அந்த மண்ணுக்கு ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கமெல்லாம் கரும்புக்காடு. சுங்கை பாக்காப்பை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் கீ லாய் ஹுவாட், கரும்பு பயிரிட்ட தியோச்சூ சீனர். அந்தக் குடும்பத்தின் மூதாதையர் இல்லம் இன்றும் ஊருக்குள் நிற்கிறது. சுற்றிலும் இருந்த வெள்ளைக்காரர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் நம் ஆட்கள். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய்த் தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்துகொண்டிருக்கின்றன. அப்படி எழும்பிய தாமான் ஒன்றில்தான் அக்கா வீடு. அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்.

போய் இறங்கியபோது தாத்தா ஒரு பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டின்மேல் படுத்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. தாடியைக் காட்டவில்லை. பையனும் நானும் கூடையை எடுத்துக்கொண்டு வந்த வழியே தீவுக்குத் திரும்பினோம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்தவர் தீவில் இருந்தார்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். தாத்தாவின் வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி. சுண்ணாம்புக் கட்டி போலத் தெரிந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

மணல் என்ன செய்தது?

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கால்சிய மணல் என்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் பொடி. கொஞ்சம் உள்ளே போனால் வயிற்று அமிலத்தில் கரையலாம். நிறையப் போனால் அது அமிலத்தையே முறித்துவிடும். பிறகு எது செரிக்கும்? ஈரம் பட்டால் கெட்டியாகித் தங்கிவிடும். அது மட்டுமல்ல. பியர்டட் டிராகன் உலகத்தை நாக்கால்தான் அறிந்துகொள்கிறது. புதிதாக எதைப் பார்த்தாலும் ஒரு நக்கு நக்கும். கால்சியம் குறைந்த குட்டியாக இருந்தால் அந்த மணலைத் தேடி நக்கும். சிள்வண்டைப் பிடிக்கப் பாயும்போதும் வாய் நிறைய மணல் சேர்ந்து வரும். குட்டிகளுக்குக் குடல் சின்னது. அடைத்துக்கொண்டால் பின்பக்க நரம்புகளை அழுத்தும். கால் இழுப்பது அதனால்தான்.

“ஆனா, மணல் மேல மட்டும் பழி போடாதீங்க” என்றார் அவர். “விளக்கு என்ன போட்டிருக்கீங்க?”

பையன் சொன்னான். வெயில் காயும் இடத்தில் 33 பாகை. யூவிபி விளக்கு இல்லை. மருத்துவர் தலையாட்டினார். இந்தப் பிராணி தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்காது. வெயில் காயும் இடம் 40 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் தின்றது செரிக்கும். யூவிபி என்ற புற ஊதாக் கதிர் பட்டால்தான் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகும். அது இல்லையென்றால் கொடுக்கிற கால்சியம் உடம்பில் சேராது. குடல் தசை வலுவிழக்கும். நல்ல சூடும் நல்ல வெளிச்சமும் உள்ள பெரிய டிராகன் ஒன்றிரண்டு மணலை விழுங்கினால் வெளியே தள்ளிவிடும். சூடு குறைந்த குட்டிக்கு அது முடியாது.

தாத்தாவை இரண்டு இரவு அங்கேயே விட்டோம். வெதுவெதுப்பான நீரில் உட்கார வைப்பது, நீர்ச்சத்து ஏற்றுவது, வழவழப்புக்கு மருந்து கொடுப்பது என்று சிகிச்சை. வீட்டில் நாமாக எண்ணெய் ஊற்றி முயன்று பார்க்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். நுரையீரலுக்குள் போய்விடுமாம்.

வேலிக்கு ஓணான் சாட்சி

அன்று இரவு அக்கா வீட்டு வரவேற்பறையில் காலித் தொட்டிக்கு முன்னால் படுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். ஊடகப் படிப்பில் முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம், எதையும் இரண்டு இடத்தில் உறுதிசெய்துகொண்டு பிறகு சொல் என்பது. பட்டம் வாங்கிப் பத்தாண்டு கழித்து ஓர் ஓணானுக்காக அந்தப் பாடத்தை மறுபடி படித்தேன்.

முதலில் உடைந்தது ‘பாலைவனம் என்றால் மணல்’ என்ற என் நினைப்பு. பியர்டட் டிராகன் வாழும் ஆஸ்திரேலிய உட்பகுதி முழுவதும் மணற்குன்று இல்லை. புதர்க்காடு, பாறை, வெயிலில் இறுகிக் கிடக்கும் செம்மண், காய்ந்த மரக்கிளை. மரத்தில் ஏறும், பாறையில் படுக்கும். சாலையோர வேலிக் கம்பங்களின் உச்சியில் உட்கார்ந்து வெயில் காய்வது அதற்கு மிகவும் பிடிக்கும். இதைப் படித்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

“வேலிக்கு ஓணான் சாட்சின்னு சும்மாவா சொன்னாங்க? எந்த நாட்டு ஓணானா இருந்தாலும் வேலிதான் கேக்கும் போல” என்றார்.

அம்மா விளையாட்டாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. நம் ஓணானும் பியர்டட் டிராகனும் ‘அகாமிடே’ என்ற ஒரே குடும்பம். இந்தச் சொந்தம் தெரிந்த பிறகு அம்மாவின் கோபம் கொஞ்சம் தணிந்தது. என்மேல் இருந்த கோபம் மட்டும் தணியவில்லை. “வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா, சும்மா இருந்த புள்ளைய நீதானே தூண்டிவிட்டே?”

ஊரைச் சுற்றி ஒரு தேடல்

ஞாயிறு காலை பையனும் நானும் தரை தேடிக் கிளம்பினோம். ஆளுக்கொரு யோசனை சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா சொன்னது உமி. பக்கத்தில் நெல் விளையும் பகுதி இருக்கிறது. கோழிக்குஞ்சுக்கு உமி போட்டு வளர்த்த கை அம்மாவுடையது. ஆனால், உமியில் தூசி அதிகம், ஓரமும் கூர்மை. கோழி கொத்தித் தின்னும், ஓணான் நாக்கால் ஒட்டி எடுக்கும். உமி கழிந்தது. இதே காரணத்துக்காகக் கடைகளில் விற்கும் அரைத்த வால்நட் ஓட்டையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

மச்சான் சொன்னது மரத்தூள். தச்சரிடம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆனால், அது எந்த மரம், என்ன மருந்து அடித்த பலகை என்று யாருக்குத் தெரியும்? பைன், சீடார் போன்ற மரங்களின் வாசனை எண்ணெய், மூடிய தொட்டிக்குள் சூட்டில் கிளம்பி ஊர்வனவற்றின் மூச்சைப் பாதிக்கும். மரத்தூளும் கழிந்தது.

சந்தையில் தேங்காய் திருகும் கடைக்கு முன்னால் நின்றோம். தேங்காய் நார்த்தூளைப் பலரும் சிபாரிசு செய்திருந்தார்கள். மலிவு, இயற்கையானது, மண்போலவே இருக்கும். பையனுக்கு அது பிடித்திருந்தது. நான் கைப்பேசியில் ஈரப்பதத்தைக் காட்டினேன். அன்று காலை நம் ஊர்க் காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல். தாத்தாவின் சொந்த ஊர்க் காற்றில் இதில் பாதிகூட இருக்காது. நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் ஹீட்டர் போட்ட அறையில் அது சரிப்படலாம். மழைக்காலத்தில் துணியே காயாத சுங்கை பாக்காப்பில் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். இடைவிடாத ஈரம் இவற்றுக்கு மூச்சுத் தொல்லையும் தோல் நோயும் தரும். இங்கே நான் கற்றது இதுதான்: யாரோ எங்கிருந்தோ சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் அது அவர்கள் ஊருக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆற்று மணல்? அது தளர்ந்த மணல்தான், பழைய கதையே திரும்பும். கடற்கரை மணல்? உப்பு. செயற்கைப் புல் விரிப்பு? அதன் சுருள் நூலில் நகம் மாட்டிப் பிய்ந்துபோகும், அழுக்கும் அடியில் தங்கும்.

கடைசியில் பெரிய சாலையில் இருக்கும் இரும்புச் சாமான் கடைக்குப் போனோம். சிமெண்டு, குழாய், பெயிண்டு என்று நிறைந்து கிடக்கும் கடை. தவுக்கேயிடம் சொரசொரப்பான தரை டைல்ஸ் வேண்டும் என்றேன்.

“புவாட் பிலிக் மண்டி?” குளியலறைக்கா என்று கேட்டார்.

“புவாட் சிச்சாக்” என்றான் பையன். பல்லிக்கு!

தவுக்கே ஒரு கணம் விழித்தார். பிறகு பையன் கைப்பேசியில் தாத்தாவின் படத்தைக் காட்டியதும், கடைக்குப் பின்னால் போய் உடைந்த பெட்டியிலிருந்து சாம்பல் நிற டைல்ஸ் நான்கை எடுத்து வந்தார். யாரோ கார் நிறுத்துமிடத்துக்கு வாங்கி மிஞ்சியவை. வழவழப்பான டைல்ஸ் உதவாது. கால் வழுக்கி அகன்று போனால், வளரும் குட்டிக்கு மூட்டு கெடும். மிகவும் முரடாக இருந்தால் வயிற்றைச் சிராய்க்கும். சோதிப்பது எளிது. உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள், கை வழுக்கக்கூடாது, எரியவும் கூடாது. தொட்டி அளவைச் சொன்னதும் தவுக்கேயே வெட்டிக் கொடுத்து, விளிம்பைத் தேய்த்துக் கூர் நீக்கினார். டைல்ஸுக்குக் காசு வாங்கவில்லை. வெட்டுக்கூலி ஐந்து வெள்ளி.

எக்ஸ்ரேக்கும் சிகிச்சைக்கும் நான் கொடுத்தது எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். அம்மா இந்த ஞாயிறு மலரைத் தவறாமல் படிப்பவர்.

முதலில் காகிதம், பிறகு கல்

திங்கட்கிழமை தாத்தா வீடு திரும்பினார். ஆனால், உடனே டைல்ஸ் போடவில்லை. நோயிலிருந்து எழுந்த பிராணிக்கும் சின்னக் குட்டிக்கும் முதல் தரை காகிதம்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மலம் கழித்ததா, அதன் நிறம் என்ன, உள்ளே போன மணல் வெளியே வருகிறதா என்று உடனே தெரியும். அழுக்கானால் சுருட்டி எறிந்துவிட்டுப் புதிது விரிக்கலாம். ஆகவே இரண்டு வாரம் தாத்தா நாளிதழ்மேல் படுத்திருந்தார். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலருக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. மூன்றாம் நாள் காலை அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பினாள். காகிதத்தில் வெள்ளை வெள்ளையாக மணல். காலை உணவு நேரத்தில் வரக்கூடாத படம்தான். ஆனால், அவ்வளவு மகிழ்ச்சியாக எந்தப் படத்தையும் நான் பார்த்ததில்லை.

பிறகு டைல்ஸ் பதித்தோம். பசை எதுவும் போடவில்லை, சூட்டில் வாடை கிளம்பும். இடைவெளி இல்லாமல் நெருக்கிவைத்தோம், இடுக்கு இருந்தால் சிள்வண்டு ஒளிந்துகொண்டு இரவில் தாத்தாவைக் கடிக்கும். ஒரு முனையில் வெயில் விளக்கு, நீளவாக்கில் யூவிபி குழல். கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி அலமாரியில் கிடந்தது. அதில் பொருள்களின் சூட்டைக் காட்டும் பொத்தான் ஒன்றும் இருந்தது. டைல்ஸ்மேல் காட்டினால் 40. மறுமுனையில் 28. டைல்ஸ் சூட்டைப் பிடித்துவைத்து வயிற்றுக்குக் கொடுக்கும். நகமும் தானே தேயும். வாரம் ஒருமுறை கழுவித் துடைத்தால் போதும். தொட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன பார்ப்பதற்கு நலமாக இருந்தாலும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அது மருத்துவச் சட்டமும்கூட.

அந்த வாரமே நிகழ்ச்சியில் என் தவற்றைத் திருத்திச் சொன்னேன். “போன தடவை தெரியாமல் சொன்னேன், தவறு” என்று தொடங்கி நாற்பது வினாடி பேசினேன். பத்து வினாடித் தவற்றுக்கு நாற்பது வினாடித் திருத்தம். முன்பு கேட்ட எல்லாரும் அன்றும் கேட்டிருப்பார்களா? அதுதான் இன்னும் உறுத்துகிறது. இதை இங்கே எழுதுவதற்கும் அதுவே காரணம்.

அம்மா போட்ட தரை

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து இன்னொரு அழைப்பு. தாத்தா இரவு பகலாக டைல்ஸைச் சுரண்டுகிறார். மூலைக்கு மூலை ஓடுகிறார். மறுபடியும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுபடியும் பாலம், கூடை, மருத்துவர். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். “தாத்தாவுக்கு முட்டை வந்திருக்கு.”

குட்டியாக இருக்கும்போது ஆண், பெண் கண்டுபிடிப்பது கடினம். தாத்தா உண்மையில் பாட்டி. ஆண் துணை இல்லாமலேயே பெண் டிராகன் கருவுறாத முட்டைகளை இடும். அப்போது அதற்குத் தோண்ட மண் வேண்டும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து. நோயில் இருந்தபோது காப்பாற்றிய டைல்ஸ் இப்போது போதாது.

மருத்துவர் சொன்ன முறை இது: உரம் கலக்காத மண் ஆறு பங்கு, கழுவிய நயமான மணல் நான்கு பங்கு. நீர் தெளித்துப் பிசைந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் ஓர் ஆழமான பெட்டியில் அழுத்தி நிரப்ப வேண்டும். தோண்டினால் குழி சரியக்கூடாது. சரிந்தால் அது முட்டையிடாது.

நானும் பையனும் பின்கட்டில் உட்கார்ந்து கலந்தோம். மூன்று முறையும் குழி சரிந்தது. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா புடவையைச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

“தள்ளுங்கடா. மாட்டுக் கொட்டகைக்குத் தரை போடத் தெரியாதவனெல்லாம் மண்ணுல கை வைக்கிறான்.”

அம்மா பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். லயத்துக்குப் பின்னால் பாட்டி மாடு வைத்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் கொட்டகைத் தரையைப் புதுப்பிப்பது பெண்கள் வேலை. களிமண்ணும் மணலும் சேர்த்து, நீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து, ஒரு படை போட்டு இடித்து, அது இறுகிய பிறகு அடுத்த படை. அம்மா அதையேதான் செய்தார். உலக்கைக்குப் பதில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல். கை முட்டிவரை மண். நாங்கள் மொத்த மண்ணையும் ஒரே தடவையில் கொட்டி அழுத்தியதுதான் தவறு. அம்மா போட்ட நான்கு படையில் குழி சரியவில்லை.

இந்த மண்ணில் நல்ல தரை எப்படிப் போடுவது என்ற அறிவு, எட்டு மாதமும் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. கடையிலும் கைப்பேசியிலும் தேடிய நாங்கள் ஒரு தடவைகூட அவரைக் கேட்கவில்லை.

“இது வெளியூர்க் காலு. இந்த ஊரு ஈரம் அதுக்குப் பழக்கமில்ல. முட்டை விட்டதும் பெட்டிய வெளிய எடுத்துடு, ஈரத்தோட உள்ள கிடக்கக்கூடாது” என்றார் அம்மா. மருத்துவர் சொன்னதும் அதேதான்.

இரண்டு நாள் கழித்துத் தாத்தா பதினெட்டு முட்டை இட்டார். இட்டுவிட்டு மண்ணைத் தலையால் முட்டி முட்டி மூடினார். பெயரை மாற்றலாமா என்று கேட்டதற்குப் பையன் சம்மதிக்கவில்லை. தாத்தா தாத்தாதானாம். முன்பு அந்தப் பெயருக்காக யாரோடும் பேசாமலிருந்த அம்மா இப்போது, “தாத்தா சாப்பிட்டாச்சா?” என்று காலையில் கேட்கிறார்.

வீட்டில் இப்படி ஒன்றை வளர்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தை. வாங்கும் முன் அந்த இனத்தை வைத்திருக்க என்ன விதி என்று பெர்ஹிலித்தானிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் விளக்கையும் சூட்டையும் சரிசெய்யுங்கள். குட்டிக்கும் நோயாளிக்கும் காகிதம். வளர்ந்ததற்குச் சொரசொரப்பான டைல்ஸ். பெண்ணாக இருந்தால் தோண்ட இறுக்கிய மண் பெட்டி. பையில் என்ன அச்சிட்டிருந்தாலும் கால்சிய மணல் வேண்டாம். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் கவனியுங்கள். கால் இழுத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சென்ற வாரம் மறுபடியும் சுங்கை பாக்காப் போயிருந்தேன். சூடான டைல்ஸின்மேல் கையும் காலும் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு தாத்தா படுத்திருந்தார். கிளம்பும்போது, ஆமை வளர்ப்பு பற்றி அடுத்த வாரம் நிகழ்ச்சியில் பேசப்போகிறேன் என்று பையனிடம் சொன்னேன்.

“பேசுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க மாமா” என்றான்.

போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.